சோளக் குதிருக்குள் முப்பத்து மூன்று நிமிடம்

இது நடந்தது. வேறு யாருக்கோ இல்லை, என் உடன்பிறந்த தங்கைக்கு நடந்தது.

கேட்டவர்களில் பாதிப் பேர், "புழுக்கத்துல மயங்கியிருப்பா, ஏதாவது கனவு கண்டிருப்பா" என்றார்கள். அவள் மயங்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நிமிடத்தையும் மனதில் பதித்துவைத்தவள். நான் நாலு தடவை, நாலு வெவ்வேறு நாளில், குறுக்குக் கேள்வி போட்டுக் கேட்டுவிட்டேன். ஒரு நிமிடம்கூட முன்பின் ஆகவில்லை. அவள் மாமனாரிடம் தனியாகக் கேட்டேன், மாமியாரிடம் தனியாகக் கேட்டேன். மூன்று பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. கடவுளுக்குப் பயந்து எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தங்கைக்குப் பள்ளிக்கூட வேனில் ஆயா வேலை. பிள்ளைகள் ஏறும்போது தலை எண்ண வேண்டும், இறங்கும்போது எண்ண வேண்டும், வேன் சும்மா நின்றால்கூட ஒரு தடவை எண்ண வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது. கடைக்குப் போனாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், தன் இரண்டு பிள்ளைகளின் தலையைத் தொட்டு "ஒண்ணு... ரெண்டு..." என்பாள். எங்கள் வீட்டில் எல்லாரும் கேலி செய்வோம். "ரெண்டுதானேடி பெத்திருக்க? மூணாவது எங்கேருந்து வரப்போகுது?"

மூத்தவளுக்கு ஏழு வயது. வாய் ஓயாது. அதனால் மைனா. சின்னவனுக்கு நாலு. உருண்டு திரண்டு இருப்பான். பட்டாணி.

மாமனாரும் மாமியாரும் ஊருக்கு வெகு தொலைவில் பண்ணை வைத்திருக்கிறார்கள். சோளம்தான் முக்கியப் பயிர். பட்டாணி கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை போனது. பிறகு ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது ஒன்று தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. அந்தத் தடவை என் தங்கை வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ கூட்டிட்டுப் போ, அப்பா வாரத்துக்கு ரெண்டு போன் பண்றாரு" என்றார். அவளும் கிளம்பிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை. பண்ணை வாசலில் இறங்கியபோது மணி பிற்பகல் 2:40.

மாமனார் ஓட்டமும் நடையுமாக வந்தார். "எங்கடா என் பட்டாணி? மூட்டையா வளந்துட்டானே! இவனைத் தூக்க லாரிதான் வரணும் போலிருக்கே!"

"லாரி நெசமாவே வருதாம் தாத்தா, பாட்டி போன்ல சொன்னாங்க," என்றாள் மைனா.

"ஆமாண்டி வாயாடி. சோளம் ஏத்த சாயங்காலம் வருது. உன்னையும் சேத்து ஏத்தி அனுப்பிடறேன்."

வீட்டுக்குப் பின்னால் முற்றத்தைத் தாண்டி அந்தக் குதிர் நின்றது. தகரக் குதிர். வட்டமாக, இரண்டு மாடி உயரம். பக்கவாட்டில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் இரும்புக் கதவு. அதற்கு ஏற ஐந்து படி. கதவுக்கு வெளியில்தான் கொண்டி. உள்ளே கைப்பிடி கிடையாது, சுவரில் பதித்த சில கம்பிகள் மட்டும். குதிரின் அடியில் நீளமான இரும்புத் திருகு ஒன்று கிடக்கும். மோட்டாரைப் போட்டால் அது சுழன்று, நடுவிலிருந்து சோளத்தை இழுத்து, வெளியே ஒரு குழாய் வழியாகக் கொட்டும். மேலே ஆள் நின்றிருந்தால் ஆளையும் இழுக்கும். சோளம் புதைமணல் மாதிரி. இடுப்புவரை போனால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் வெளியே எடுப்பது கஷ்டம்.

அதனால் மாமனாருக்கு ஒரு கண்டிப்பான வழக்கம். குதிருக்குள் யார் போனாலும், முதலில் மோட்டார் கொட்டகைக்குப் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வெள்ளைப் பீங்கான் கட்டை. அது இல்லாமல் மோட்டாருக்குக் கரண்டு போகாது.

3:25க்கு, மாமனார் சோளத்தை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று. திருகு நின்றது. சுவிட்ச் போட்டபடியே கிடந்தது.

"இனிமே எப்ப வருமோ. வாங்கடா, சோள மலை ஏறலாம்," என்றார் பேரப்பிள்ளைகளிடம். மறக்காமல் பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "இது என் பையில இருக்கிற வரைக்கும் எமனே வந்து சுவிட்ச் போட்டாலும் மோட்டார் ஓடாதும்மா. நீயும் வா, பயப்படாம வா."

பட்டாணியைத் தோளில் தூக்கி இரண்டு சுற்று சுற்றினார். பஸ்ஸில் தின்ற பிஸ்கட்டெல்லாம் தாத்தா சட்டையில் வந்து விழுந்தது.

"அடப்பாவி! தாத்தாவுக்குப் புதுச் சட்டையே தச்சுட்டியேடா!" சிரித்துக்கொண்டே கழற்றி, சுருட்டி, மைனாவிடம் கொடுத்தார். "பாட்டிகிட்ட குடுத்துட்டு ஓடியா."

மைனா ஓடினாள். கொடுத்தாள். ஓடி வந்தாள்.

பையில் இருந்த கட்டை ஒருவருக்கும் நினைவில்லை.

இனிச் சொல்வதை மாமியார் பிறகு அழுதுகொண்டே சொன்னார். வேலை முடிந்ததும் கட்டையைத் திரும்ப மாட்ட அவர் வீட்டுக்காரர் பாதி நாள் மறந்துவிடுவார். துணி ஊறவைக்கும்முன் மாமியார்தான் பையைத் தடவி எடுத்து, கொட்டகைக்குப் போய் மாட்டிவிட்டு வருவார். சட்டை துவைக்க வந்தால் அன்றைய குதிர் வேலை முடிந்தது என்று அர்த்தம். வருஷக்கணக்கில் அப்படித்தான். அன்றும் தடவினார். எடுத்தார். மாட்டினார். வீட்டுக்குள் போய்விட்டார். பிள்ளைகள் குதிருக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது.

உள்ளே பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். சோளச் சரிவில் ஏறுவதும் சறுக்குவதும். பாதிக் குதிர் நிறைந்திருந்தது. கூரை உச்சியில் வலை அடித்த ஓட்டை ஒன்று. அதிலிருந்து தட்டு அளவு வெளிச்சம் சோளத்தின் மேல் விழுந்திருந்தது. மீதியெல்லாம் மங்கல். தங்கை பழக்க தோஷத்தில் எண்ணினாள். ஒன்று. இரண்டு.

4:40க்கு வாசலில் லாரி ஹாரன் அடித்தது. கூடவே டிரைவரின் கத்தல். பின்னால் எடுக்கும்போது சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டதாம்.

"அஞ்சு நிமிஷம்மா. கல்லு வச்சுக் குடுத்துட்டு வந்துடறேன்." மாமனார் இறங்கினார். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை அண்டை கொடுத்தார். தங்கை அதைப் பார்த்தாள். நிச்சயமாகப் பார்த்தாள்.

காற்று இல்லை. இலை அசையவில்லை.

மணி 4:48. கதவு மெதுவாக... மிக மெதுவாக... வந்து மூடியது.

டக்.

வெளியே கொண்டி விழுந்தது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கதவைத் தள்ளினாள். தோளால் இடித்தாள். அசையவில்லை. தகரத்தைக் கையால் தட்டினாள். டம்... டம்... டம். வாசலில் லாரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. நின்றால் ஒரு நொடி நிற்கும். மறுபடி உறுமும். அந்தச் சத்தத்தில் இது எங்கே கேட்கும்? போனும் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"மாமா! அத்தை!"

அவள் குரல் வட்டமாகச் சுற்றி அவளிடமே வந்தது.

4:55. தகரம் அடுப்பு மாதிரி கொதித்தது. மூச்சு விட்டால் தூசி. பட்டாணி அழ ஆரம்பித்தான். இரண்டு பேரையும் கதவோரம், சுவரோடு சேர்த்து உட்கார வைத்தாள். "தாத்தா இப்ப வந்துடுவாரு. அதுவரைக்கும் சாமிகிட்ட பேசலாம், சரியா?" மெல்லிய குரலில் வேண்டிக்கொண்டாள். பிள்ளைகளும் முணுமுணுத்தார்கள்.

மூன்று குரல் கேட்க வேண்டும்.

நாலு கேட்ட மாதிரி இருந்தது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள்.

5:02. மைனா சொன்னாள், "கொஞ்சம் தள்ளி உக்காரேன்."

"நான் இந்தப் பக்கம்ல இருக்கேன். யாரைடி சொல்ற?"

"உன்னை இல்லம்மா. இவளை."

"எவளை?"

மைனா தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

சர்ர்ர்...

சரிவின் உச்சியில் சோளம் உதிர்ந்தது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தட்டு அளவு வெளிச்சத்தில் சோளத்தின் மேல் ஒரு சின்னக் குழி. பாதம் பதிந்த மாதிரி. அதற்குக் கீழே இன்னொன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மேலிருந்து கீழே. இவர்களை நோக்கி.

நடக்க அங்கே யாரும் இல்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உதடு தானாக வேண்டியது. கை தானாக எண்ணியது.

ஒன்று... பட்டாணி. வேர்வையில் நனைந்த மொட்டைத் தலை.

இரண்டு... மைனா. இரட்டைப் பின்னல்.

மூன்று.

கை அப்படியே நின்றது.

விரிந்த முடி. முடி முழுக்கச் சோள மணிகள். அந்தக் கொதிக்கிற தகரத்துக்குள்... ஐஸ் மாதிரிச் சில்லென்று ஒரு சின்னத் தலை.

கையை இழுத்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தினால் பிள்ளைகள் பயப்படும். கதவு திறக்காது. ஜன்னல் இல்லை. ஓட இடமில்லை. அது உள்ளே. இவளும் உள்ளே.

மணி 5:09.

அப்போது அவளுடைய ஆள்காட்டி விரலை ஒரு கை பிடித்தது.

சின்னக் கை. சில்லென்ற கை. ஒற்றை விரலை மட்டும், முழுக் கையாலும், இறுக்கமாக.

பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கியவள் அவள். அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். முதல் நாள் பள்ளிக்கு வரும் பிள்ளை அப்படித்தான் பிடிக்கும். பயந்துபோன பிள்ளை அப்படித்தான் பிடிக்கும்.

உதறிவிட வேண்டும் என்றுதான் உடம்பு துடித்தது. "ஆனா மனசு வரலக்கா," என்றாள் என்னிடம். "யாரா இருந்தா என்ன? நடுங்குச்சு. என் விரலைப் புடிச்சுக்கிட்டு நடுங்குச்சு."

மறு கையைக் கொண்டுபோய் அந்தச் சின்னக் கையை மூடிக்கொண்டாள். தேய்த்துவிட்டாள். வாயருகே கொண்டுவந்து ஊதிச் சூடாக்கினாள்.

"பயப்படாத கண்ணு. எல்லாரும் இங்கதான் இருக்கோம். யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேன்."

நடுக்கம் நின்றது.

எவ்வளவு தேய்த்தும் சூடு மட்டும் ஏறவில்லை.

5:17.

தரைக்கு அடியில்... உம்ம்ம்ம்...

கரண்டு வந்துவிட்டது.

ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. கட்டை மாமாவின் பையில் இருக்கிறதே? பை சட்டையில். சட்டை...

கடவுளே.

கடகடகட... திருகு சுற்ற ஆரம்பித்தது.

குதிரின் நடுவில் சோளம் குழிந்தது. குழி அகன்றது. சரிவு முழுவதும் நகர்ந்தது.

"மைனா! சுவத்துக் கம்பியைப் புடி! விடாத!"

மைனா பிடித்துக்கொண்டாள்.

பட்டாணி சறுக்கினான்.

குப்புறப் பாய்ந்தாள். சட்டைக் காலர் சிக்கியது. அதற்குள் முழங்கால் போய்விட்டது. இடுப்பு போயிற்று.

"அம்மா... இழுக்குது..."

ஒரு கையால் இழுத்தாள். மறு கையை அந்தக் குளிர்ந்த பிடி விடவில்லை.

நெஞ்சு போயிற்று.

காலர் கிழிந்தது. தோளைப் பிடித்தாள். அவளும் சேர்ந்து இறங்கினாள்.

கழுத்து.

"ஆண்டவா, என்னை எடுத்துக்கோ... இவனை விட்டுடு..."

சோளம் அவன் தாடையைத் தொட்டது.

அப்போது... அந்தக் கை அவள் விரலை விட்டது.

சர்ர்ர்ர்.

பக்கத்தில் ஏதோ சோளத்துக்குள் இறங்கியது.

பட்டாணி இறங்குவது நின்றது.

திருகு ஓடுகிறது. சோளம் ஓடுகிறது. அவன் மட்டும் நிற்கிறான்.

அழுகை நின்றது.

சிரித்தான்.

"அம்மா... கால்ல கூசுது."

ஒரு சாண் மேலே வந்தான். அவள் இழுக்கவில்லை. இழுக்கத் தெம்பு இல்லை.

இன்னொரு சாண்.

கீழிருந்து யாரோ தோள் கொடுத்துத் தூக்குகிற மாதிரி... இடுப்பு வந்தது... முழங்கால் வந்தது... அவள் மடியில் வந்து விழுந்தான்.

மோட்டார் நின்றது.

கதவு திறந்தது. வெளிச்சம்.

மணி 5:21.

லாரி டிரைவர்தான் முதலில் பார்த்தாராம். "பெரியவரே, கரண்டு வந்துடுச்சு போலிருக்கு. உங்க சோளம் தரையில கொட்டுது பாருங்க." மாமனார் பார்த்த பார்வையில் கையில் இருந்த கல் காலில் விழுந்தது. அந்தக் காலோடு ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார். அண்டை கொடுத்த செங்கல் வைத்த இடத்திலேயே இருந்தது. கதவு அதைத் தாண்டி எப்படி மூடியது என்று இன்றுவரை தெரியவில்லை.

தங்கை பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே நீட்டினாள். ஒன்று. இரண்டு. அவர்களை டிரைவர் வாங்கி இறக்கினார்.

அவள் இறங்கவில்லை. உள்ளே திரும்பிக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரைம்மா கூப்பிடற?" என்றார் மாமனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாமா."

அவர் மறுகேள்வி கேட்கவில்லை. சுற்றுவட்டாரப் பிள்ளை ஏதோ ஒன்று விளையாட வந்து ஏறிவிட்டது என்று நினைத்தார். மண்வெட்டியை எடுத்தார். டிரைவரும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். முன்பின் தெரியாத மனிதர், அடுத்த லோடு தவறினாலும் பரவாயில்லை என்று கூடவே வாரினார். இரவு 8:10க்குக் குதிரின் தகரத் தரை தெரிந்தது.

ஒன்றும் இல்லை.

யார் வீட்டிலும் பிள்ளை காணாமல் போகவும் இல்லை.

மாமியார் சமையலறை மூலையில் சுருண்டு கிடந்தார். "என் கையாலதானே மாட்டினேன்... பிள்ளைகளைப் பாக்காம என் கையாலதானே..."

தங்கை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அத்தை, பட்டாணி ரெண்டாவது தடவை சோறு கேக்கறான். உங்க கையாலதான் வேணுமாம். எழுந்திருங்க." அதற்குமேல் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அந்த அம்மாள் அன்றோடு உடைந்துபோயிருப்பார்.

படுக்கும்போதுதான் மைனா வாயைத் திறந்தாள். "அவ தம்பிக்குக் கீழ போனாம்மா. போனவ வரவே இல்ல."

மறுநாள் காலை 9:30. மாமனாருக்குத் தூக்கம் இல்லை. கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மருமகளிடம் சொன்னார். அந்தக் குதிர் இங்கே புதிதாகக் கட்டியது இல்லையாம். போன வருஷம் தொலைவில் ஒருவர் தன் பண்ணையை மூடினார். அவருடைய குதிர்தான் இது. துண்டு துண்டாகக் கழற்றி, லாரியில் ஏற்றி வந்து இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "இனிமே முடியாதுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

"அவரையே கேட்டுடறேன்." போனை எடுத்தார். என் தங்கையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

மூன்று தடவை மணி அடித்தது. எடுத்தார்.

"நான்தாங்க. போன வருஷம் உங்ககிட்ட தகரக் குதிர் வாங்கினேனே..."

அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.



அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, "வெளிய வந்துட்டாளா?"

மாமனார் போனருகே குனிந்தார். "வந்துட்டாங்க... பேத்தி நல்லா இருக்கா. பேரனும் நல்லா இருக்கான். உங்களுக்கு எப்படிங்க..."

"நான் உங்க பேத்தியைக் கேக்கல."

போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தார்கள். பல நாள் அடித்தார்கள். யாரும் எடுக்கவே இல்லை.

அன்று போனை வைத்த கையோடு மாமனார் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி, குதிருக்குப் போனார். படியேறி, அந்த இரும்புக் கதவைக் கீலோடு கழற்றி எடுத்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வாசலை மறைக்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.